ஏலத்தில் போன எண்ணெய்

ஜெபராணிக்கு வாய் ஓடினால்தான் கை ஓடும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் லைனில் வேலை. ஷூவின் மேல்பாகத் தோலை மடித்து, ஓரம் பிசகாமல் மெஷினில் ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் தோல் ஓடும், மறுபக்கம் கதை ஓடும். சூப்பர்வைசர் வந்து முறைத்தால், "நான் வாய மூடினா டார்கெட் விழுந்துரும் சார், பரவால்லியா?" என்பாள். அது உண்மை என்பதால் அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அதே வாய் சர்ச்சில் பாடும். பாடகர் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் ஹெலன். லைனிலும் ஹெலன்தான் அடுத்த மெஷின். ஜெபராணியைவிட வயதில் சின்னவள், புருஷனை இழந்தவள், அம்மாவோடு இருக்கிறாள். ஜெபராணி சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. எந்தக் கடையில் புடவை எடுப்பது, எந்த டாக்டரிடம் பல் பிடுங்குவது, எல்லாமே ராணியக்காவைக் கேட்டுத்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை தன் வாயால் தானே கெட்டுப்போனால் ஒரு நியாயம் இருக்கிறது. ஜெபராணியின் வாயால் கெட இருந்தவள் ஹெலன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் ஜெபராணியை வெறுக்கவும் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜெபராணியின் கழுத்துக் கட்டியை முதலில் கண்டுபிடித்தது கம்பெனி அடையாள அட்டையின் கயிறு. கழுத்தில் கயிறு உரசிய இடத்தில் என்னவோ நெருடியது. கண்ணாடியில் பார்த்தால் தொண்டைக் குழிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக, சுண்டைக்காய் அளவுக்கு வீக்கம். லைனில் காட்டினாள்.

"தைராய்டுதான். இந்த லைன்ல தைராய்டு இல்லாத பொம்பள யாரு?" என்றாள் எதிர் மெஷின் ஹீனா. அவளே தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவள்தான்.

ஆம்பூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு அளவெல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறதே என்று ஜெபராணி சும்மா இருந்துவிட்டாள். கட்டி சும்மா இருக்கவில்லை. எலுமிச்சை அளவுக்கு வந்தது. சோறு விழுங்கினால் வலித்தது. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று காய்ந்தது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தன. வேன் டிரைவரான அவள் கணவன் ஜெபசீலன், அதிகம் பேசாத மனிதர், ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவளை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் பெயர் பரணிதரன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், விழுங்கச் சொல்லிப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியதை ஜெபராணி கவனித்துவிட்டாள். "கட்டியோட ஓரம் ஒழுங்கா இல்ல. பக்கத்துல நெறிகட்டும் இருக்கு. ஊசி போட்டுப் பார்த்துரலாம்மா" என்றார். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு உறிஞ்சினார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால், எடுத்ததில் ரத்தம்தான் ஜாஸ்தி, தெளிவாகச் சொல்ல முடியவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள்.

"கேன்சரா சார்?" என்று ஜெபசீலன் கேட்டார்.

"இல்லன்னு சொல்ல இப்போ என்கிட்ட ஆதாரம் இல்ல" என்றார் டாக்டர்.

அது போதும். ஜெபராணி வீடு வந்து சேருவதற்குள் செய்தி சர்ச்சுக்குப் போய்விட்டது, சர்ச்சிலிருந்து கம்பெனிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த அன்பை என்னவென்று சொல்வது! ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வந்து குவிந்தன. பெண்கள் ஐக்கிய சங்கம் வீட்டுக்கு வந்து ஜெபித்தது. சபை ஆயர் வந்து, அவள் வீட்டுத் தேங்காய் எண்ணெயையே கிண்ணத்தில் எடுத்து ஜெபித்து, கழுத்தில் தடவினார். ஹெலன் வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தாள். தையல் வேலையில் பட்டினி கிடந்தால் கண் இருட்டும். ஒருநாள் அப்படியே மெஷின்மேல் சாய்ந்தும் விட்டாள். அப்போதும் விடவில்லை. ஜெபராணிக்குப் பயம் இருந்தது, ஆனால் அந்தப் பயத்தில் ஒரு கௌரவமும் இருந்தது. கேன்சர் என்றால் எல்லோரும் பக்கத்தில் வருகிறார்கள்.

இரண்டாம் தடவை ஊசி போட்டபோது வந்தது ரத்தமில்லை. கெட்டியாக, மஞ்சளாக, திரிந்த பால் மாதிரி ஏதோ வந்தது. டாக்டர் அதைப் பார்த்ததும் ஒரு பாதியைக் கண்ணாடித் தகட்டில் தடவச் சொல்லி, மறுபாதியை வேறொரு சோதனைக்குத் தனியாக அனுப்பினார். சில நாளில் கூப்பிட்டார்கள்.

"நல்ல செய்திம்மா. கேன்சர் இல்ல" என்றார் டாக்டர். "டி.பி. தைராய்டு சுரப்பியில டி.பி. வர்றது ரொம்ப அபூர்வம். அதனாலதான் முதல்ல யாருக்கும் தோணல. எனக்கே சீழைப் பார்த்த பிறகுதான் தோணுச்சு. கிருமி இருக்குன்னு சோதனையில வந்துருச்சு. ஆபரேஷன் வேணாம். ஆறு மாசம் மாத்திரை. கவர்மெண்ட்லயே இலவசமா தருவாங்க. கட்டி தானா கரைஞ்சிரும்."

ஜெபராணி அழ ஆரம்பித்தாள். டாக்டர் சந்தோஷ அழுகை என்று நினைத்துக் கொஞ்ச நேரம் விட்டார். அழுகை நிற்கவில்லை. "இன்னாம்மா, கேன்சர் இல்லன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க ஏன் இப்படி?" என்று கேட்டார்.

"கேன்சராவே இருந்திருக்கலாம் சார்" என்றாள் ஜெபராணி.

டாக்டருக்குப் புரியவில்லை. ஜெபசீலனுக்குப் புரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் லைனில் முத்துமாரி என்று ஒரு பெண் இருந்தாள். குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுக்கு டி.பி. வந்தது. மாத்திரை சாப்பிட்டு, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் திரும்பி வந்தாள். லைன் பெண்கள் மதியம் ஒன்றாக உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை விட்டுச் சாப்பிடுவார்கள். அன்று ஜெபராணிதான் பேசினாள். "கண்ணு, தப்பா நினைச்சிக்காத. நீ கொஞ்ச நாளைக்குத் தனி டம்ளர், தனித் தட்டு வச்சிக்கோ. எல்லாருக்கும் நல்லது." மிருதுவாகத்தான் சொன்னாள். இவ்வளவு பக்குவமாகச் சொன்னோமே என்று அன்று அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட. முத்துமாரி தலையாட்டிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். டாக்டர், "நுரையீரல் படம் சுத்தமா இருக்கு, உங்களால யாருக்கும் ஒட்டாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெபராணியின் காதில் விழுந்தது முத்துமாரியின் டப்பா மூடும் சத்தம்.

வேனில் திரும்பும்போது ஜெபசீலன், "கேன்சர் இல்லன்னு மட்டும் சொல்லு. அது பொய் இல்லியே. டி.பி.ன்னு இன்னாத்துக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்?" என்றார். ஜெபராணிக்கும் அதுவே தோதாக இருந்தது. மாத்திரையை வீட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்துக் காலையில் யாரும் பார்க்காமல் விழுங்கினாள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து முதல் நாள் அலறிவிட்டாள். மாத்திரையால் அப்படித்தான் போகும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. காய்ச்சல் நின்றது. சோறு இறங்கியது. கட்டி வாரா வாரம் இளைத்தது.

கேன்சர் இல்லை என்றதும் சர்ச்சில் கை தட்டினார்கள். பெண்கள் அவள் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினார்கள். இதுவரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டது அறுப்பின் பண்டிகையில்.

அறுவடைக்கு நன்றி சொல்லும் அந்தப் பண்டிகைக்குச் சபையார் அவரவர் வீட்டிலிருந்து ஏதாவது காணிக்கை கொண்டுவருவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, ஊறுகாய் பாட்டில். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் சர்ச் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். ஜெபராணி ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் கொண்டுபோயிருந்தாள். ஏலத்துக்கு முன்னால் ஆயர், "நம்ம சகோதரி ஜெபராணி ஒரு சாட்சி சொல்லுவாங்க" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன்னால் எடுத்துச் சொல்வதுதான் சாட்சி.

மைக் கையில் வந்தால் ஜெபராணி என்ன செய்வாள்! ஊசி குத்தினதைச் சொன்னாள், ரத்தம் வந்ததைச் சொன்னாள். ஜனங்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சு அவளை இன்னும் ஓரடி முன்னால் தள்ளியது. "ஆபரேஷன் இல்ல, மருந்து இல்ல, மாத்திரை இல்ல. ஆயர் எண்ணெய் வச்சு ஜெபம் பண்ணினார். கட்டி கரைஞ்சு போச்சு!" என்றாள். மாத்திரை இல்லை என்று சொல்ல அவள் நினைக்கவே இல்லை. வாய் அதுபாட்டுக்குப் போய்விட்டது. சர்ச்சே அல்லேலூயா என்றது. அன்று காலை விழுங்கிய மாத்திரை அவள் வயிற்றில் இருந்தது.

இறங்கி வந்து உட்கார்ந்தாள். ஜெபசீலன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். சரி, யாருக்கு நஷ்டம், கடவுளுக்குத்தானே மகிமை என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள். வெளியே ஏலம் ஆரம்பித்தது. பூசணி போனது, வாழைத்தார் போனது. அவள் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக் காட்டியதும், பின்னாலிருந்து ஒரு குரல் விலை கேட்டது. இன்னொருத்தர் ஏற்றினார். அந்தக் குரல் மறுபடி ஏற்றியது. ஒரு பாட்டில் எண்ணெய்க்கு இந்த விலையா என்று ஜனங்கள் சிரித்தார்கள். எடுத்தது யார் என்று திரும்பிப் பார்த்தால், ஹெலன். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து லைனில் ஹெலன் குனிந்தபோது, அவள் கழுத்து எண்ணெயில் மினுமினுப்பதை ஜெபராணி பார்த்தாள்.

"இன்னாடி கழுத்துல?"

ஹெலன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஜெபராணியின் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. "பண்டிகைக்கு முன்னாடியே இருந்துச்சுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு லீவு கூடச் சொல்லி வச்சிருந்தேன். நீ சாட்சி சொன்ன பிறகு வேணாம்னுட்டேன். உன் எண்ணெயத்தான் தினமும் போட்டு ஜெபம் பண்றேன்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஜெபராணி விரலை இழுத்துக்கொண்டாள். "எதுக்கும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிரு ஹெலன்" என்றாள்.

"நீ விசுவாசத்துல ஜெயிச்ச. நான் மட்டும் சந்தேகப்படணுமாக்கா?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனசுக்குள் நாளைக்குச் சொல்லலாம் என்றாள், ஞாயிறு போகட்டும் என்றாள், ஹெலன் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்றாள். யாரோ ஒரு டாக்டர் கழுத்துக் கட்டி பற்றிப் பேசும் வீடியோ ஒன்றை ஹெலனின் போனுக்கு அனுப்பி வைத்தாள். கோழைத்தனத்துக்கு அதுவும் ஒரு வழி. காலையில் மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் ஹெலனுடையதைத் திருடித் தின்கிற மாதிரி இருந்தது. சோறு மறுபடியும் இறங்கவில்லை. இந்தத் தடவை கட்டியால் இல்லை.

ஒரு ஞாயிறு, ஆராதனையில் பாடும்போது, ஜெபராணிக்குத் தன் வலது காதுப் பக்கம் வெறுமையாகப் பட்டது. அந்தப் பக்கத்தில் எப்போதும் ஹெலனின் குரல் இருக்கும். திரும்பிப் பார்த்தாள். ஹெலன் வாயைத் திறந்துதான் இருந்தாள். காற்றுதான் வந்தது. "சளிக்கா" என்று கரகரத்தாள்.

மறுநாள் மதியம், எல்லோரும் டப்பாவைத் திறந்த நேரம், ஜெபராணி பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நடுவில் வைத்தாள். "எனக்கு வந்தது டி.பி. தைராய்டுல டி.பி. என் கட்டியக் கரைச்சது இந்த மாத்திரை. எண்ணெய் இல்ல. ஹெலன், நீ இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள்.

ஒருத்தி கை அப்படியே நின்றது. ஹீனா அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்க மாமாவுக்கும் இதேதான் குடுத்தாங்க. துன்னாரு, நல்லாயிட்டாரு. இதுக்கா இவ்ளோ பேஜார்?" என்று அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, ஜெபராணியின் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். யாருடைய டம்ளரும் நகரவில்லை. இவர்களுக்குப் பயந்தா இத்தனை நாள் மறைத்தோம் என்று ஜெபராணி கூனிக் குறுகினாள். முத்துமாரியின் டம்ளரை நகர்த்தியவள் தான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஹெலன் மட்டும் நம்பவில்லை. "என்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்காகச் சொல்றக்கா. இது வேற எதுக்கோ மாத்திரை."

"சத்தியமாடி."

"நீ சர்ச்சுல நின்னு, மைக் புடிச்சு, சாட்சி சொன்ன. சாட்சில யாராவது பொய் சொல்லுவாங்களா? நீ சொல்லுவியா?" கரகரத்த குரலில் ஹெலன் கேட்டாள்.

சொன்ன இடத்தில் போய்த்தான் அதை அழிக்க வேண்டும் என்று ஜெபராணிக்குப் புரிந்தது. அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னாள். ஜெபசீலன், "நான்தான மறைக்கச் சொன்னேன். நானும் கூட நிக்கிறேன்" என்றார். அவ்வளவு பெரிய வாக்கியம் அவர் பேசி நாளாகிவிட்டது.

ஞாயிறு வந்தது. சாட்சி நேரத்தில் ஜெபராணி எழுந்து போனாள். ஜெபசீலன் சொன்னபடியே பக்கத்தில் வந்து நின்றார்.

"பண்டிகை அன்னிக்கு இதே எடத்துல நின்னு நான் பொய் சொன்னேன்" என்றாள். "எனக்கு வந்தது டி.பி. அதச் சொல்ல வெட்கப்பட்டேன். மாத்திரை சாப்ட்டுக்கிட்டே மாத்திரை இல்லன்னு சொன்னேன். இன்னும் சாப்ட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என் பேச்ச நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாம யாராவது இருந்தா, அவங்களுக்கு ஆகறதெல்லாம் என் பாவம். தயவுசெஞ்சு போயிருங்க." கதை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. அவள் வாழ்நாளில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

அல்லேலூயா வரவில்லை. யாரோ செருமினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியம்மா, "ஆலயத்துலயா பொய்" என்று வாய்விட்டே சொன்னார். ஆயர் மைக்கை வாங்கிக்கொண்டார். "மாத்திரையும் அவர் கொடுத்ததுதானேம்மா. அதைச் சொல்லியிருந்தாலே நல்ல சாட்சிதான்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பாடகர் குழுவில் நிற்க வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். ஜெபராணி ஏன் என்று கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ஹெலன் நின்றாள். கண் சிவந்திருந்தது. திட்டுவாள் என்று ஜெபராணி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கு வேலூர் போலாம். நீ லீவு சொல்லிடு" என்று மட்டும் சொன்னாள் ஹெலன்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், அதே ஊசி. முடிவு வரும்வரை ஜெபராணி ஜெபித்த ஜெபம் வினோதமானது. ஆண்டவரே, இவளுக்கும் டி.பி.யாக இருக்கட்டும் என்று ஜெபித்தாள். எந்த வியாதியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தாளோ, அதையே பிச்சையாகக் கேட்டாள்.

முடிவு வேறாக இருந்தது. "தைராய்டு கேன்சர். பயப்படாதீங்க, இந்த வகை பெரும்பாலும் குணமாகிறதுதான். சுரப்பிய எடுத்துரலாம்" என்றார் டாக்டர். பிறகு ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி, "குரல் நரம்பு வரைக்கும் போயிருக்கு. உயிருக்குப் பயம் கம்மி. குரல் பழையபடி வரும்னு நான் உறுதி சொல்ல முடியாது. கட்டிய முதல்ல எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"பண்டிகைக்கு முன்னாடி சார்."

"அப்பவே வந்திருக்கலாமேம்மா. இவ்ளோ நாள் இன்னா பண்ணீங்க?"

ஹெலன் ஜெபராணி பக்கம் திரும்பவில்லை. "லீவு கிடைக்கல சார்" என்றாள்.

வெளியே வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அட்மிஷனுக்குக் கூப்பிட நேரமாகும் என்றார்கள். ஹெலன் தண்ணீர் கேட்டாள். ஜெபராணி தன் பாட்டிலைக் கொடுத்தாள். கழுத்து வலியில் ஹெலனால் அண்ணாந்து குடிக்க முடியவில்லை. பாட்டிலில் வாய் வைத்தே குடித்தாள். குடித்துவிட்டு மூடியைத் திருகியபடி, கரகரவென்று, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"உனக்கு வந்த டி.பி. எனக்கு வந்திருக்கக் கூடாதாக்கா?"

ஹெலன் நீட்டிய பாட்டிலை ஜெபராணி வாங்கி, அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து, மிச்சத் தண்ணீரைக் குடித்தாள்.